போகப் போறோம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கமணி சமையலறையில் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். எட்டாவது படிக்கும் மகள் சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சு நோட்டைப் போட்டுவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளாஸ் டெஸ்டில் பத்துக்கு நாலு. ட்யூஷனுக்கு மாசாமாசம் கொடுக்கிற காசை நினைத்து எனக்கு லேசாக நெஞ்சு வலித்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"என்னடா ஆச்சு?"

"ஐ டோன்ட் கெட் இட்ப்பா. ஒரே சென்டென்ஸ்ல எதுக்கு ரெண்டு வெர்ப்? ஒண்ணை மாத்தணுமாம், இன்னொண்ணை மாத்தக் கூடாதாம். மேடம் சொல்லும்போது புரியுது. எழுதும்போது போயிடுது."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, பாண்டிச்சேரி தெருப்பலகைகளில் பார்த்ததோடு சரி. நான் கடலூர்க்காரன். எங்கள் ஊரை ஆண்டது இங்கிலீஷ்காரன். இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருந்தவன் பிரெஞ்சுக்காரன். 1758-ல் லாலி வந்து எங்கள் ஊர் கோட்டையைப் பிடித்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. நாங்கள் பதிலுக்குப் பாண்டிக்குப் படையெடுத்தது வேறு காரணத்துக்காக, அதை இங்கே எழுத வேண்டாம், வீட்டில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். :-) ஆக, நீலப் பலகையில் மேலே பிரெஞ்சிலும் கீழே தமிழிலும் தெருப் பெயர் பார்த்து வளர்ந்தும் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளாத ஆள் நான். இப்போது பதினாலு வருடமாக குர்காவ்னில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கிறேன் (2016-லேயே குருகிராம் ஆக்கிவிட்டார்கள், வாய் இன்னும் பழகவில்லை). என் பெண் அந்த பிரெஞ்சைக் கொண்டுவந்து என் முன்னால் போடுகிறாள்.

பாடத்தின் பெயர் 'ஃப்யுத்யுர் ப்ரோஷ்'. ப்ரோஷ் என்றால் பக்கத்தில் இருப்பது. அண்மை எதிர்காலம் என்று வைத்துக்கொள்ளலாம். இதோ நடக்கப் போகிற விஷயத்தைச் சொல்கிற விதம்.

மேலே போவதற்கு முன் ஒரு வார்த்தை. பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில்தான் எழுதப் போகிறேன். 'நான்' என்பதற்கு அவர்கள் சொல்வதை 'ழெ' என்று எழுதுகிறேன். பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறவர்கள் ழான் போல் சார்த்ர், ழாக் தெரிதா என்று எழுதிப் பழக்கிவிட்டார்கள். அது நம்ம வாழைப்பழத்தில் வருகிற ழ இல்லை. இங்கிலீஷில் 'ப்ளெஷர்' என்று சொல்லும்போது நடுவில் ஒரு சத்தம் வருமே, அது. 'ன்' வருகிற இடத்தில் பல சமயம் மூக்கால் இழுக்க வேண்டும். ஜலதோஷம் பிடித்த மாதிரி பேசினால் பாதி பிரெஞ்சு வந்துவிடும் என்பது என் மகளின் கண்டுபிடிப்பு.

விதி இதுதான். 'போ' என்ற வினைச்சொல் அவர்களுக்கு 'அலே'. அதை நிகழ்காலத்தில் ஆளுக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். ழெ வே, த்யு வா, இல் வா, நூஸலோன், வூஸலே, இல் வோன். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள். அதற்குப் பக்கத்தில், செய்யப் போகிற காரியத்தின் வினைச்சொல்லை மூல உருவத்திலேயே, கை வைக்காமல், அப்படியே போட வேண்டும். சாப்பிடுவதற்கு 'மான்ழே'. ழெ வே மான்ழே. முடிந்தது கதை. ஆறே ஆறு வடிவம் தெரிந்தால் போதும், பிரெஞ்சில் இருக்கிற அத்தனை வினைச்சொல்லையும் எதிர்காலத்தில் சொல்லிவிடலாம். அதனால்தான் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு முறையான எதிர்காலத்துக்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அந்த ஆறும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் வேறு வேறு குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். வே, வா, வோன் எல்லாம் லத்தீனில் ஒரு வார்த்தையிலிருந்து வந்தவை. இதே வினைச்சொல் முறையான எதிர்காலத்தில் 'ழீரே' என்று ஆகும், அது லத்தீனில் வேறொரு வார்த்தை வழி. மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. இதில் ஒரு கூத்து என்னவென்றால் அவர்கள் 'வா' என்றால் நமக்குப் 'போ'. நம் 'போ' அவர்கள் காதில் விழுந்தால் தோல் என்று அர்த்தம். என் மகள் தம்பியைப் பார்த்து "வா! வா!" என்று விரட்ட, அவன் பக்கத்தில் வந்து உட்கார, அரை மணி நேரம் அந்த விளையாட்டில் போயிற்று.

சரி, இவள் எங்கே தப்பு செய்திருந்தாள்? எல்லா இடத்திலும் இரண்டு வினைச்சொல்லையும் மாற்றி வைத்திருந்தாள். ழெ வே மான்ழ். சிவப்பு மையில் சுழித்திருந்தது. அதாவது 'நான் போகிறேன் சாப்பிடுகிறேன்'.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"அதை விடு. இப்போ அம்மா என்ன பண்ணப் போறாங்க?"

"அடை சுடப் போறாங்க."

"நீ?"

"சாப்பிடப் போறேன்."

"தம்பி?"

"அவனும் சாப்பிடப் போறான். இதெல்லாம் எதுக்குப்பா கேக்கறே?"

"நாம எல்லாரும்?"

"சாப்பிடப் போறோம்... வெயிட்." பென்சிலைக் கீழே வைத்தாள். "போறேன், போறான், போறோம் எல்லாம் மாறுது. சாப்பிட மாறல."

"யாராவது எங்கேயாவது நடந்து போறாங்களா?"

"இல்ல. உக்காந்த இடத்துலயேதான் போறோம்."

அப்புறம் அவள் கேட்ட கேள்விதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. "தமிழ்ல கிராமர் இருக்காப்பா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். பதின்மூன்று வயதுப் பெண். இங்கிலீஷுக்கு இலக்கணம் உண்டு, இந்திக்கு உண்டு, பிரெஞ்சுக்கு உண்டு, அதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது, டெஸ்ட் இருக்கிறது. தமிழ் என்பது பாட்டியோடு போனில் பேசுவது, அம்மா கோபத்தில் திட்டுவது. அதில் விதி, ஒழுங்கு எல்லாம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால் வேறு யார், நான்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ எங்கள் தமிழ் ஐயா 'செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்று கரும்பலகையில் எழுதி, உண்ண, போக, வர, பாட என்று அடுக்கியது ஞாபகம் வந்தது. அப்போது அதை மார்க்குக்காகப் படித்தேன். அந்த 'செய' வாய்பாடுதான் பிரெஞ்சுக்காரர்கள் கை வைக்காமல் விடுகிற அந்த மூல வடிவம். நாம் அதற்குப் பின்னால் 'போகிறேன்' என்று நிகழ்காலத்தில் போடுகிறோம், அவர்கள் முன்னால் போடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்த மாதிரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடை ஆறிப்போகும் வரை நாங்கள் இரண்டு பேரும் இதையே நோண்டிக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் வந்த இரண்டு வாரத்தில் நானும் அவள் புத்தகத்தைத் திருடிப் படித்தேன். தோண்டத் தோண்ட வருகிறது.

வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. நாம் என்ன சொல்வோம்? 'மழை பெய்யப் போகுது.' அவர்கள் 'இல் வா ப்ளவ்வார்'. மேகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வது. 'மழை பெய்யும்' என்றால் அது வானிலை அறிக்கை, அல்லது ஜோசியம். அதற்கு அவர்களிடம் முறையான எதிர்காலம் இருக்கிறது, 'இல் ப்ளவ்ரா'. பிரெஞ்சு வகுப்புகளில் வழக்கமாகச் சொல்கிற இன்னொரு உதாரணம்: 'எல் வா அவ்வார் அன் ஆன்ஃபான்' என்றால் அந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள், குழந்தை பிறக்கப் போகிறது. 'எல் ஓரா அன் ஆன்ஃபான்' என்றால் என்றைக்கோ ஒருநாள் பிறக்கும். இதைக் குழந்தைகளுக்குப் புரியவைக்க ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டியதில்லை. 'பிறக்கப் போகுது', 'பிறக்கும்'. தமிழ் பேசுகிற நாலு வயசுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும்.

அதனால் 'அண்மை' என்கிற பெயரே கொஞ்சம் ஏமாற்று வேலைதான் என்று எனக்குப் படுகிறது. நாள் கணக்கு இதில் முக்கியமில்லை. இன்னும் பத்து வருடம் கழித்து நடக்கப் போவதையும் இதே வடிவத்தில் சொல்லலாம், இரண்டு மொழியிலும். காரியத்தின் வேர் இப்போதே ஊன்றியாகிவிட்டதா என்பதுதான் கேள்வி. மேகம் தெரிகிறதா, வயிறு தெரிகிறதா, முடிவு எடுத்தாகிவிட்டதா. எங்கள் வீட்டில் 'ஊரோட போய் செட்டில் ஆகப் போறோம்' என்று நான் சொல்ல ஆரம்பித்துப் பதினாலு வருடம் ஆகிறது. இலக்கணப்படி அது அண்மை எதிர்காலம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அம்மாக்கள் திட்டுவது. குழந்தை நாற்காலி மேல் ஏறி நிற்கிறது. நம் வீட்டில் "பாத்து, விழப் போறே!" அங்கே "த்யு வா தோம்பே!" விழப் போகிறாய், வார்த்தைக்கு வார்த்தை அதேதான். மிரட்டுவதற்கு "த்யு வா வ்வார்!" என்பார்களாம். "பாக்கத்தானே போறே!" என்று என் அம்மா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு சொல்வாரே, அசல் அது. மகளுக்கு இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வரியை அவள் இனி மறக்க மாட்டாள்.

எதிர்மறைக்கு வருவோம். பிரெஞ்சில் 'இல்லை' சொல்ல 'ந' ஒரு பக்கம், 'பா' ஒரு பக்கம், நடுவில் வினைச்சொல்லை வைத்து அமுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் குழப்பம், இரண்டு வினைச்சொல்லில் எதை அமுக்குவது? 'ழெ ந வே பா மான்ழே'. போவதைத்தான் அமுக்க வேண்டும், சாப்பாட்டை விட்டுவிட வேண்டும். தமிழில் யோசித்துப் பாருங்கள். 'சாப்பிடப் போறதில்ல.' இல்லை என்பது போவதோடுதான் ஒட்டிக்கொள்கிறது. யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்காமலேயே சரியான இடத்தில் போடுகிறோம்.

இறந்த காலத்தில் கூட. 'சாப்பிடப் போனேன், அதுக்குள்ள போன் வந்துடுச்சு' என்கிறோமே, அதை அவர்கள் 'ழாலே மான்ழே' என்று அதே போகிற வினைச்சொல்லை ஒரு இறந்தகால வடிவத்தில் வைத்துச் சொல்கிறார்கள். இன்னொரு வேடிக்கை: 'பால் வாங்கப் போறேன்' என்றால் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிறேனா, அல்லது வாங்க உத்தேசமா? நமக்கும் குழப்பம், அவர்களுக்கும் அதே குழப்பம். இடம் பொருள் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார் என்று தெரியும். "இங்கிலீஷிலும் கோயிங் டு இருக்கே சார்? ஸ்பானிஷ்காரன்கூட நடுவில் ஒரு 'அ' போட்டு வோய் அ கொமேர் என்கிறான். இந்தியிலும் 'கானே ஜா ரஹா ஹூன்' என்பார்கள். தமிழ் மட்டும் என்ன ஒசத்தி?" ஒசத்தி இல்லை. உலகத்தில் பல பேருக்கு எதிர்காலம் என்றால் நடந்து போகிற பாதையாகத்தான் தோன்றியிருக்கிறது. தமிழிலிருந்துதான் பிரெஞ்சு போனது என்று ஆராய்ச்சி பண்ணுகிற ஆள் நான் இல்லை, அந்தக் கடைக்கு வழி வேறு. நான் சொல்வது படிப்பு சொல்லிக் கொடுக்கிற வசதி பற்றி. இங்கிலீஷில் 'கோயிங்' என்பது நானானாலும் நீயானாலும் அவர்களானாலும் ஒரே 'கோயிங்'. மாறுவது அதற்கு முன்னால் இருக்கிற ஆம், ஈஸ், ஆர். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு 'போ'வே ஆறு வேஷம் போடும் என்பது அதிசயமாக இருக்கிறது. போறேன், போறே, போறான், போறோம், போறீங்க, போறாங்க என்று தினம் பேசுகிற பிள்ளைக்கு அதில் என்ன அதிசயம்?

த்யு, வூ என்று ஒருமைக்கும் மரியாதைக்கும் இரண்டு வார்த்தை. இதை இவளுடைய புத்தகம் அரைப் பக்கத்துக்கு விளக்குகிறது, தெரிந்தவரிடம் எது, தெரியாதவரிடம் எது, பெரியவரிடம் எது என்று. நீ, நீங்க! இரண்டே வார்த்தையில் முடிந்திருக்கும். (அவர்களிடம் இல்லாதது நம்மிடம் ஒன்று உண்டு. 'நூ' என்றால் நாமா நாங்களா என்று மகள் கேட்டாள். எல்லாம் ஒன்றுதான், கேட்கிறவனையும் சேர்த்தா சேர்க்காமலா என்று பிரெஞ்சுக்காரனுக்குக் கவலையில்லை.)

தமிழ் காலை வாரிவிடுகிற இடங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். நாம் 'சாப்பிடப் போறேன்' என்று நானை விழுங்கிவிடுவோம், பிரெஞ்சில் 'ழெ'வை விழுங்கினால் வாக்கியம் நிற்காது. 'தாத்தா தினமும் பீச்சுக்குப் போவார்' என்று பழைய கதையைக்கூட நாம் எதிர்கால விகுதியில் சொல்வோம். அதை அப்படியே பிரெஞ்சின் முறையான எதிர்காலத்தில் போட்டால் போன தாத்தா இனிமேல்தான் பீச்சுக்குப் போவார் என்று ஆகிவிடும். 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்பதற்கு அவர்கள் சாப்பாட்டிலிருந்து 'வருகிறேன்' என்று வருகிற வினைச்சொல்லைப் போடுகிறார்கள், அதற்கு நம்மிடம் நேர் ஜோடி இல்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் சமாச்சாரத்துக்குத் தமிழ் ஒன்றும் உதவாது, அங்கே இந்தி தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் பழக்கம் கைகொடுக்கும். 'அதைச் செய்யப் போறேன்' என்பதில் 'அதை' எங்கே வரும்? 'ழெ வே ல ஃபேர்', இரண்டு வினைச்சொல்லுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கேயும் தமிழை மட்டும் நம்பினால் ஒரு மார்க் போகும், இவளுக்குப் போயிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பக்கம் வந்து குடியேறின நம் ஆட்களின் பிள்ளைகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் ஒரு தாளில் டிக் அடிப்பார்கள். மூன்றாவது மொழி எது? எங்கள் பள்ளியில் சமஸ்கிருதமா பிரெஞ்சா என்று கேட்டார்கள். தமிழ் அந்தத் தாளில் இல்லை, இருக்கும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. தில்லிக்குள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி என்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே தமிழ் சொல்லிக் கொடுக்கிறார்கள். குர்காவ்னிலிருந்து தினமும் அந்த டிராபிக்கில் அனுப்ப எங்களுக்குத் தைரியம் வரவில்லை. பிரெஞ்சு ஸ்கோரிங் சப்ஜெக்ட், பின்னால் உதவும் என்றார்கள். டிக்.

மொழிச் சண்டைக்குள் நான் போகவில்லை. 2014-ல் கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மனை எடுத்துவிட்டு சமஸ்கிருதம் வைத்தபோது நடந்த கூச்சல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 கல்விக் கொள்கை, படிக்கிற மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடம் எதை வைக்கும் எதை எடுக்கும் என்பது நம் கையில் இல்லை. சாப்பாட்டு மேசை நம் கையில் இருக்கிறது. பிரெஞ்சோ, சமஸ்கிருதமோ, மராத்தியோ, கன்னடமோ, எந்த மொழியை உங்கள் பிள்ளை படித்தாலும், அதை இங்கிலீஷ் வழியாக மட்டும் படிக்க விடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு மொழி காசு கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதை மேசைக்குக் கூப்பிடுங்கள்.

தமிழைக் காப்பாற்றத்தான் இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மார்க்குக்காகவும் சொல்கிறேன். அடுத்த டெஸ்டில் பத்துக்கு எட்டரை. ட்யூஷன் மேடம் நல்லவர், பஞ்சாபி அம்மா, பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவர். அவரிடம் மகள் இந்த 'போறேன்' கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் ஆச்சரியப்பட்டு, மற்ற பிள்ளைகளையும் உங்கள் வீட்டு மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாராம். வகுப்பில் ஒரு மராத்திப் பையன், ஒரு வங்காளிப் பெண், ஒரு மலையாளிப் பெண். அன்றைக்கு முழுக்க ஒரே ரகளையாம். யாருக்கும் தங்கள் மொழியில் இப்படி ஒரு விஷயம் இருப்பதே அதுவரை தெரியாது.

இது புது யோசனையும் இல்லை. பாண்டிச்சேரி பாதிரியார்கள் முசே, துய்புய் இரண்டு பேர் சேர்ந்து 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் - பிரெஞ்சு அகராதி போட்டிருக்கிறார்கள். நடுவில் இங்கிலீஷ் இல்லாமல் இந்த இரண்டு மொழியும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட ஊர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். நான் அங்கே போய் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன் என்பதைத்தான் மேலேயே சொன்னேனே.

என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். இவள் நர்சரி சேரும்போது ஒரு பள்ளியில் 'வீட்டில் இங்கிலீஷில் பேசுங்கள், குழந்தை ரெண்டு மொழியில் குழம்புகிறாள்' என்றார்கள். நாங்கள் பயந்துகொண்டு மாற்றினோம். அதற்கப்புறம் அந்த சீட் கிடைத்து, பள்ளி மாறி, வீடு மாறி, எல்லாம் ஆன பிறகும் இங்கிலீஷ் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. நானும் தங்கமணியும் எங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வோம், பிள்ளைகளிடம் திரும்பும்போது தானாக மாறிவிடும். பிள்ளைகள் தமிழைக் காது வழியாகத் திருடித்தான் கற்றுக்கொண்டார்கள். இவளால் தமிழ் படிக்க முடியாது, எழுத முடியாது. பாட்டி அனுப்புகிற வாட்ஸப் செய்தியை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவாள். ஆனாலும் காது வழியாகப் போன அந்தத் தமிழ் எவ்வளவு ஒழுங்காக உள்ளே அடுக்கி வைத்திருக்கிறது பாருங்கள். 'சாப்பிடப் போறதில்ல' என்பதில் இல்லை எங்கே வர வேண்டும் என்று அவளுக்கு ஒரு நொடி சந்தேகம் வரவில்லை.

போன வாரம் ஹோம்வொர்க். வருகிற கோடை விடுமுறையில் உங்கள் குடும்பம் என்ன செய்யப் போகிறது, பத்து வாக்கியம். ஐந்து உடன்பாடு, ஐந்து எதிர்மறை. எழுதி முடித்துவிட்டு என்னிடம் படித்துக் காட்டினாள். அம்மா யோகா வகுப்பில் சேரப் போகிறாள். தம்பி நீச்சல் கற்கப் போகிறான். வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது, நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எதிர்மறையில் மூன்றாவது வாக்கியம்:

"பாப்பா ந வா பா அலே அ கடலூர்."

பாப்பா என்றால் பிரெஞ்சில் அப்பா. அப்பா கடலூருக்குப் போகப் போவதில்லை.

"யாரு சொன்னா? போகப் போறோம்னு பாட்டிகிட்ட சொல்லியிருக்கேனே."

"போன வருஷமும் சொன்னே. அதுக்கு முந்தின வருஷமும் சொன்னே."

தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். கடைசியாக நாங்கள் போனது 2022-ல். அதற்கப்புறம் ஒரு வருடம் மணாலி. ஒரு வருடம் என் புராஜெக்ட் கோ-லைவ். ஒரு வருடம் இவளுடைய சம்மர் கேம்ப். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா போனில் "எப்பப்பா வரப் போறீங்க?" என்பார், நான் "வரப் போறோம்மா" என்பேன். எழுபத்தாறு வயது. மாவடு போட்டு வைத்திருக்கிறேன் என்பார். அடுத்த வருடம், போன வருடத்து மாவடு அப்படியே இருக்கிறது என்பார்.

"வாக்கியம் தப்பாப்பா?" என்றாள் மகள். இலக்கணத்தைக் கேட்கிறாள். ந சரியான இடத்தில் இருந்தது. பா சரியான இடத்தில் இருந்தது. அலே கை வைக்காமல் முழுசாக இருந்தது.

"வாக்கியம் சரிதான்" என்றேன்.

அன்று ராத்திரி ரயில் டிக்கெட் பார்த்தேன். 2024 நவம்பரிலிருந்து அறுபது நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள், முன்பு நூற்றிருபது நாள் இருந்தது. லீவு ஆரம்பிக்கிற வாரத்துக்குத் திறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு முன்பே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டாண்டப் மீட்டிங்கை ஒத்திப் போட்டேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், நாலு பேர். பக்கம் சுற்றிச் சுற்றி, பணம் கட்டி முடிக்கும்போது மூன்று பேருக்கு உறுதி, எனக்கு வெயிட்டிங் லிஸ்ட் 11.

அம்மாவுக்குப் போன் போட்டு மகளிடம் கொடுத்தேன். "பாட்டி, நாங்க வரப் போறோம்" என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ தெரியவில்லை. இவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மாவும் தம்பியும் நானும் வரப் போறோம் பாட்டி. அப்பா வருவார்" என்றாள்.